குடோன் மனையில் சீமைக் கருவேலம்

குடோன் கட்ட சேரப்பணஞ்சேரிப் பக்கம் மனை வாங்கும் நம் வியாபாரிகளுக்கு முதல் செலவு செங்கல் அல்ல, சீமைக் கருவேலம்தான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்ட சமயம், நானும் என் மனையில் மரம் அறுக்கும் மிஷினை வாடகைக்கு எடுத்துத் தரை மட்டத்தில் அறுத்தேன். ஜேசிபி வாடகை மிச்சம் என்று நினைப்பு! ஒரே மழைதான், கட்டைக்கு நாலைந்து துளிர் கிளம்பி விட்டது. பிறகு ஜேசிபியை வைத்தே வேரோடு பிடுங்கினேன். ஒரு வேலைக்கு இரண்டு கூலி.

போதாததற்கு மிஷினிலும் நஷ்டம். இந்த என்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில்தான் அதற்கு உயிர். அளவு மிஷினுக்கு மிஷின் மாறும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கடைப் பையன் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றினான். சற்று நேரத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி நின்றது. வாடகைக்காரருக்குப் பணம் எண்ணி வைத்தேன். (பையனைத் திட்டவில்லை, சொல்லிக் கொடுக்காதது நான்.)

சங்கிலிக்கு ஆயில் வேறு, தொட்டியும் வேறு. மரத்தூள் செதிலாக விழாமல் மாவாக விழுந்தால் பல் மழுங்கி விட்டது என்று பொருள், அரம் போடுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மிஷினை நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, மீதியும் தீர ஓட விட்டு வையுங்கள்.

ஜேசிபிக்கு மணிக்கணக்கு வாடகை. ஆரம்பத்திலும் முடிவிலும் மீட்டரை நீங்களே பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். டிரைவர் டீக்குப் போகும்போது என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடினால் மீட்டரும் ஓடும்.