விண்வெளியில் தட்டையாகும் கண்கள்... மேலே 'ஐ செக்கப்' எப்படி நடக்கிறது?

விண்வெளிக்குப் போறவங்க எல்லாருமே கண் பரிசோதனையில் பாஸானவங்கதானே, அவங்களுக்கு என்ன வந்துடப்போகுது? 2005-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதங்கள் தங்கினார் நாசாவின் ஜான் பிலிப்ஸ். போகும்போது 20/20 ஆக இருந்த பார்வை, திரும்பியபோது 20/100. அதாவது, மற்றவர்கள் 100 அடி தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை, அவர் 20 அடிக்கு நெருங்கி வந்தால்தான் படிக்க முடியும்.

ஆய்வாளர்கள் முதலில் கைகாட்டுவது எடையின்மையைத்தான். பூமியில் நாம் நிற்கும்போது ரத்தமும் மற்ற திரவங்களும் கால் பக்கம் இறங்கும். படுத்தால் தலைப்பக்கம் ஏறும். காலையில் எழுந்ததும் திரும்ப இறங்கிடும். அங்கே எழுந்து நிற்கிறதுங்கிற பேச்சே இல்லையே! மாதக்கணக்கில் இப்படி இருப்பதில், சிலருக்குக் கண்ணின் பின்பக்கம் தட்டையாகிறது. பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடமும் வீங்குகிறது. இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'சான்ஸ்'.

கண் தட்டையானால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். அதைக் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம், கூடுதல் பவர் கண்ணாடிகளைக் கையோடு கொடுத்தே அனுப்புகிறார்கள். பயமுறுத்துவது நரம்பு வீக்கம்தான். வலிக்காது, பார்வையும் நல்லாவே இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

அதனால் 2013-லிருந்து நிலையத்திலேயே ஓ.சி.டி கருவி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே கண் மருத்துவமனைகளில் எடுக்கிறார்களே, அதே வகை ஸ்கேன்தான். விழித்திரையின் தடிமன் கொஞ்சம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூடிய இமைமேல் ஜெல் தடவி அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். சரி, யார் எடுப்பது? மேலே கண் டாக்டர் கிடையாது. கூட இருக்கும் பைலட்டோ இன்ஜினீயரோ கருவியைப் பிடிக்க, ஹூஸ்டனில் இருக்கும் நிபுணர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே, 'கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்துங்க' என்கிற மாதிரி வழிகாட்டுவார்கள்.

பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில் இது நடக்கும். செவ்வாய்க்குப் போய்வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அங்கிருந்து ஒரு சிக்னல் பூமிக்கு வரவே சில சமயம் 20 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். பதில் போய்ச்சேர இன்னொரு 20 நிமிடங்கள். அவ்வளவு நேரம் இமைமேல் கருவியைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்க முடியுமா? அந்தப் பயணத்தில் ஸ்கேனை எடுப்பதோடு, படத்தைப் பார்த்து வீக்கம் இருக்கா இல்லையானு சொல்லுற வேலையும் கப்பலில் இருப்பவர்கள் தலையில்தான் விழும்.