வேலை ஓடும் வழி – 11: ஐந்து புளியங்கொட்டைகள்

வேலை ஓடும் வழியை வரையும் படத்தில், சாய்சதுரத்துக்குள் கூட்டல் குறி போட்டால் எல்லா வழியும் ஒரே நேரத்தில் திறக்கும். பெருக்கல் குறி போட்டால் ஒரு வழி மட்டும்தான். போன வாரம் இதோடு நிறுத்தினோம். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் காலக்கெடுவைப் படத்தில் எப்படிக் குறிப்பது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கார்ல் ஆடம் பெட்ரி வந்து உட்கார்ந்துகொண்டார், நகரமாட்டேன் என்கிறார்.

1926-ல் லைப்சிக் நகரில் பிறந்த ஜெர்மானியர். சிறுவயதிலேயே வேதியியல் மேல் தீராத ஆசை. 1939 ஆகஸ்ட், அவருக்கு வயது பதின்மூன்று. எந்தப் பொருளோடு எது சேர்ந்து எது உண்டாகிறது என்பதைக் குறித்து வைக்க வட்டம், கட்டம், அம்புக்குறி என்று ஒரு படமுறையை அப்போதே உண்டாக்கிவிட்டார் என்பது அவர் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மறுமாதம் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. அந்தப் படமுறை 1962-ல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு வெளிவந்த பிறகுதான் வளரத் தொடங்கி, இன்று உலகம் முழுக்க 'பெட்ரி நெட்' என்று பாடமாகிறது.

தண்ணீர் உண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி. ஆக்சிஜனுக்கு ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி. இரண்டு வட்டத்திலிருந்தும் அம்புக்குறி ஒரு கட்டத்துக்குப் போகிறது. தேவையான புள்ளிகள் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் கட்டம் வேலை செய்யும். அப்போது அந்த மூன்று புள்ளிகளும் மறைந்து, தண்ணீர் வட்டத்தில் இரண்டு புள்ளி தோன்றும். ஆக்சிஜன் வரவில்லையா? ஹைட்ரஜன் எத்தனை நாளானாலும் காத்துக் கிடக்கும். மேலிருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை. தன் வாசலுக்கு என்ன வந்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு கட்டமும் பார்க்கிறது.

ஒரு தாலுகா அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தப் புள்ளிக்குப் பெயர் டோக்கன். நாம் படித்துக்கொண்டிருக்கும் பிபிஎம்என் படமுறையின் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது. ஒவ்வொரு குறியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் விதிநூலும் டோக்கனை நகர்த்தித்தான் விளக்குகிறது. பதின்மூன்று வயதுப் பையனின் வேதியியல் நோட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்!

இந்த உற்சாகத்தோடுதான், தர்மபுரியில் இந்தப் படமுறையைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் போனேன். எடுத்துக்கொண்ட வேலை, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. வேறு எதை எடுப்பது? அதன் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான். கணவாய், லாரி, விபத்து என்றே செய்தியில் அடிபடும் ஊருக்கு அன்று வேறு செய்தி. ரேஷன் கடை ஊழியர்கள் விண்ணப்பத்தையும், எந்த நாள் எந்த நேரம் வரவேண்டும் என்ற டோக்கனையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் முகாமில் உட்கார்ந்து செல்போன் செயலியில் பதிவு செய்தார்கள். மாநிலம் முழுக்க 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து, முதலில் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள்.

எங்கள் வகுப்பில் அப்படித் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் இருக்கிறார், அரூர்ப் பக்கம். படத்தை அவரே வரையட்டும் என்று சார்ட் பேப்பரைக் கொடுத்தேன். அப்போது அறிவித்த விதிகளில் ஐந்தை எடுத்துக்கொண்டார். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர், அதற்கு மேல் இருக்கக்கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. கார், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் இருக்கக்கூடாது. ஏற்கெனவே முதியோர், விதவை ஓய்வூதியம் போன்றவை வாங்குகிறவராக இருக்கக்கூடாது.

ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் கூட்டல் குறி, ஐந்து கிளை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சரிபார்ப்பு. அதன் முடிவில் பெருக்கல் குறி. சரியாக இருந்தால் ஐந்து கிளையும் மறுபடி ஒரு கூட்டல் குறியில் சேரும், அதற்கு அப்பால் 'தொகை அனுப்பு'. இல்லையென்றால் அந்தக் கிளையிலிருந்தே நேராக 'நிராகரிப்புக் குறுஞ்செய்தி'. பார்க்க அழகான படம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

புளிக்குப் பேர்போன மாவட்டம், கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஐந்து புளியங்கொட்டையை எடுத்துக் கிளைக்கு ஒன்றாக வைத்தோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டோம்: டிராக்டர் உண்டு, கரண்ட்டும் 3,600-ஐத் தாண்டுகிறது, மற்ற மூன்றும் சரி. இப்போது நகர்த்துங்கள் என்றேன். டிராக்டர்க் கொட்டை நிராகரிப்புக்குப் போனது, ஒரு குறுஞ்செய்தி. மின்சாரக் கொட்டையும் அங்கேயே போனது, இன்னொரு குறுஞ்செய்தி. மற்ற மூன்றும் சேருமிடத்துக் கூட்டல் குறி வாசலில் வந்து நின்றன. அந்தப் பெண் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மூணும் எங்க போகும்?"

எங்கும் போகாது. வராத இரண்டு கொட்டைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நிஜ மென்பொருளிலும் இதே கதைதான். டோக்கன் ஒன்று மிச்சமிருந்தாலும் அந்த வேலை முடிந்ததாக இயந்திரம் கணக்கில் எடுக்காது. விண்ணப்பித்தவர் கையில் நிராகரிப்புச் செய்தி. அலுவலகக் கணினியில் அதே விண்ணப்பம் 'நிலுவை'.

இதைச் சரிசெய்ய ஒரு குறுக்குவழி உண்டு. நிராகரிப்பின் முடிவில், வட்டத்துக்குள் கறுப்பாக நிரப்பிய வட்டம் ஒன்றைப் போட்டால், முதல் கொட்டை அங்கே போன கணமே மற்றவை எல்லாம் அழிந்துவிடும். வகுப்பில் பாதிப்பேர் இதையே விரும்பினார்கள். படம் சுத்தமாகிறது, நிலுவையும் தீர்கிறது.

எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. டிராக்டர் முதலில் அகப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு டிராக்டர் காரணம் மட்டுமே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் விற்ற டிராக்டர் ஆயிற்றே என்று அந்த அம்மா இ-சேவை மையத்துக்கு அலைந்து, மேல்முறையீடு செய்து, அதில் ஜெயித்த பிறகு மின்சாரக் கணக்கு வந்து நிற்கும். மறுபடி ஒரு பஸ், மறுபடி ஒரு நாள் கூலி நஷ்டம். ஐந்து சரிபார்ப்பும் முடியட்டும். சரியோ தவறோ, ஐந்து கொட்டையும் சேருமிடத்துக்கு வரட்டும். அதற்கு அப்புறம் ஒரே ஒரு பெருக்கல் குறி: தகுதி உண்டா, இல்லையா? இல்லையென்றால் எல்லாக் காரணங்களையும் சேர்த்து ஒரே செய்தி. மாற்றுவது ஐந்தாறு அம்புக்குறிகளைத்தான். வரைகிறவர் அரை மணி நேரம் கூடுதலாக யோசித்தால் ஒரு தாயின் அலைச்சல் குறைகிறது. இந்தத் தொடரை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெருக்கல் குறியில் பிரித்துவிட்டுக் கூட்டல் குறியில் சேர்ப்பது. ஒரு டோக்கன்தான் வரும், வாசல் இரண்டு கேட்கும், வேலை அங்கேயே உறைந்துவிடும்.

கண்ணுக்குத் தப்பும் இந்தச் சிக்கல்களைக் கணக்காகவே பிடிக்கலாம் என்று காட்டியவர் நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட். 1990-களின் பிற்பகுதியில், பெட்ரியின் படங்களை அலுவலக வேலைகளுக்குப் பொருத்தி அவர் மூன்று கேள்விகளை வைத்தார். டோக்கன் எங்கே நின்றாலும் அங்கிருந்து முடிவுக்குப் போக வழி இருக்கிறதா? முடிவை எட்டும்போது வேறு எங்கும் எதுவும் மிச்சமில்லாமல் இருக்கிறதா? ஒருபோதும் நடக்கவே வாய்ப்பில்லாத கட்டம் ஏதாவது படத்தில் உண்டா? எங்கள் சார்ட் பேப்பர் முதல் இரண்டு கேள்விகளிலும் தோற்றது. கணினியில் பார்க்க விரும்புகிறவர்கள் பிபிஎம்என்-ஐஓ குழு இலவசமாகத் தரும் டோக்கன் சிமுலேஷனைப் பிரௌசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனாலும் முதலில் காகிதத்தில், கொட்டையோடு பாருங்கள். விரல் நகர்த்தினால்தான் அது நிற்கிற இடம் புரிகிறது.

காலக்கெடுவுக்கு இடம் தீர்ந்துவிட்டது. அது இந்தப் படத்திலேயே தொடர்கிறது என்பதால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதில் நஷ்டமில்லை. நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 2023-ல் அறிவித்தார்கள். ஆக, குறுஞ்செய்தி போன பிறகு கொட்டை ஓரிடத்தில் நின்று இரண்டில் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும்: மேல்முறையீடு வருவது, அல்லது முப்பதாம் நாள் முடிவது. எது முந்துகிறதோ அந்த வழி. இதற்குக் கூட்டல் குறியும் உதவாது, பெருக்கல் குறியும் உதவாது. மூன்றாவதாக ஒரு சாய்சதுரம் இருக்கிறது, உள்ளே ஐங்கோணம் போட்டது. அதை வைத்து இந்த 30 நாளை வரைந்து வையுங்கள். அடுத்த வாரம் அதில் கொட்டை நகர்த்துவோம்.