சுண்ணாம்புக் கம்பமும் அமில மழையும்

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் வட்டாரத்தை நம் முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்தனர். கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே செங்கற் சூளைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலையும் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றே மக்கள் குறித்தனர். வளரும் நகருக்குச் சுண்ணாம்பு தந்த அச்சூளைகள் புகையையும் தந்தன. அச்சுண்ணாம்பையே அரிக்க வல்லது புகையிலிருந்து பிறக்கும் அமில மழை. அதன் இயல்பை இங்கே காண்போம்.

மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தால் அது சிவந்து ஆரத்தி நீராவதை நாம் அறிவோம். அதில் எலுமிச்சஞ்சாற்றைப் பிழிந்தால் செந்நிறம் மறைந்து மஞ்சள் மீள்கிறது. சுண்ணாம்பு காரம், எலுமிச்சஞ்சாறு அமிலம். ஒன்றன் வலிமையை மற்றொன்று போக்கிவிடுகிறது. இவ்வலிமையை அறிவியலார் ‘பி.எச்.’ என்னும் அளவையால் அளக்கின்றனர். அதில் 7 நடுநிலை. ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்காகும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், தூய மழைநீரும் ஏறத்தாழ 5.6 என்னும் அளவில் சற்றே புளித்திருக்கும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிப்படுகின்றன. அவை காற்றிலும் மேகத்திலும் மாறுதலடைந்து, கந்தகாமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மழையோடு இறங்குகின்றன. ஆலை நகரமான மான்செஸ்டரின் மழையை ஆராய்ந்த இராபர்ட் ஆங்கஸ் சுமித் இவ்வுண்மையை 1852இலேயே எடுத்துரைத்தார். சிங்கப்பூரில் நிகழ்ந்த ஆய்வுகளும் இங்குள்ள மழைநீரின் சராசரி அளவு 4க்கும் 5க்கும் இடைப்பட்டது எனக் காட்டியுள்ளன.

இதனால் விளையும் கேடுகள் யாவை? சுண்ணாம்புக் கல்லிலும் சுதை வேலையிலும் அமிலம் படும்போது, மேற்பரப்பு மெல்லக் கரைந்து உதிர்கிறது. கோபுரச் சிற்பங்களின் முகமும் விரலும் மழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஏரி நீர் புளித்தால் மீன் குஞ்சுகள் மடிகின்றன. மண்ணின் சத்துக்கள் அடித்துச் செல்லப்படுவதால் மரங்கள் நலிகின்றன. அமில மழையில் நனைவதால் நம் தோல் வெந்துவிடுவதில்லை. ஆயினும் அம்மழைக்கு மூலமான வாயுக்களும் நுண்துகள்களும் மூச்சோடு உட்புகுந்து நுரையீரலையும் இதயத்தையும் தாக்குகின்றன. உண்மையான அச்சம் இதுவே.

தீர்வு எது? சுவீடன் நாட்டார் புளித்துப்போன ஏரிகளில் சுண்ணாம்பைக் கொட்டி மீன்களைக் காத்தனர். ஆனால் மழை புளித்திருக்கும் வரை ஆண்டுதோறும் சுண்ணாம்பு கொட்டத்தான் வேண்டும். புகைபோக்கியை உயர்த்துவதும் தீர்வன்று. அது நம் புகையை அண்டை வீட்டாருக்கு அனுப்புவதேயாகும். சுவீடனின் ஏரிகளைக் கெடுத்த புகையிற் பெரும்பகுதி பிற நாடுகளிலிருந்து வந்தது. ஆதலின் ஐரோப்பிய நாடுகளும் வட அமெரிக்க நாடுகளும் 1979இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பின்னர்க் கந்தகப் புகை பெரிதும் குறைந்தது.

சிங்கப்பூரும் புகையை அது பிறக்குமிடத்திலேயே தடுக்க முனைந்தது. 1970இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ்த் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு அமைந்தது. 1971இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. எண்ணெயை எரித்த மின்நிலையங்கள் படிப்படியாக இயற்கை எரிவாயுவுக்கு மாறின. உலகக் கப்பல்கள் எரிபொருள் நிரப்பும் பெருந்துறை நம்முடையது. ஆகவே கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்றிருந்த உலக வரம்பு, 2020 தொடக்கத்தில் 0.5 விழுக்காடாகக் குறைந்தது நமக்குச் சிறப்பாக நன்மை தருவது.

எனினும் காற்றுக்கு எல்லைக்கல் இல்லை. 2013 சூன் 21 அன்று, சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகைமூட்டத்தால் இங்குக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. நூறைக் கடந்தாலே உடல் நலத்துக்கு ஒவ்வாது. எல்லை கடந்த புகையைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இல் செய்துகொண்ட உடன்பாட்டை இந்தோனேசியா 2014இல் ஏற்றது. அவ்வாண்டே, வெளிநாட்டில் தீமூட்டிப் புகையை இங்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும் தண்டம் விதிக்கச் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது. உள்ளூர்ப் புகையைச் சட்டத்தால் அடக்கலாம். அயலார் புகையை அடக்க நட்பும் உடன்பாடும் வேண்டும்.

ஆசிரியர்கள் ஆரத்தி நீரையும் எலுமிச்சம்பழத்தையும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். நிறம் மாறுவதைக் கண்ட மாணவரிடம், மீண்டும் சிவக்கச் செய்ய எத்தனை முறை சுண்ணாம்பு இடவேண்டும் என்று கேட்கட்டும். எலுமிச்சஞ்சாறு விழுவதை நிறுத்துவதே எளிது என்று அவர்களே விடை கூறுவர்.