நவம்பர் 12: கடல் கற்பித்த பாடம்

வங்கக் கடலோரத்தில் வாழும் மக்களுக்கு நவம்பர் 12 மறக்கவொண்ணாத நாள். 1970ஆம் ஆண்டிலும், 1977ஆம் ஆண்டிலும் அதே நாளில் இரு பெரும் புயல்கள் கரையைக் கடந்தன. முன்னது, இன்று வங்காள தேசமாக விளங்கும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கியது. பின்னது நம் நாகப்பட்டினத்தைத் தாக்கியது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், நம் குடும்பங்களுக்குப் பயன்தரும் உண்மையொன்று புலனாகும்.

1970 நவம்பர் 8ஆம் நாளன்று வங்கக் கடலின் நடுவே உருவான புயல், 12ஆம் நாள் இரவு கங்கையின் கழிமுகத்தை வந்தடைந்தது. போலா, ஹாதியா, மன்புரா முதலிய தீவுகள் கடல் மட்டத்தைவிடச் சில அடிகளே உயர்ந்தவை. அங்கே காற்றைவிடக் கொடியதாய் இருந்தது கடல்நீரே.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல்நீர் சற்றே மேலெழுகின்றது. சுழன்றடிக்கும் காற்று அந்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகின்றது. வங்கக் கடலின் வடபகுதியோ ஆழம் குறைந்தது. வடக்கே போகப் போகக் குறுகுவது. ஆகவே, தள்ளப்பட்ட நீர் பரவ இடமின்றி உயர்ந்தெழுகின்றது. அன்றிரவு கடலின் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, சில இடங்களில் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்கு நீர் பொங்கிற்று.

குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். வெப்பமண்டலப் புயல்களுள் மிகுதியான உயிர்களைக் கொண்டது இதுவே என உலக வானிலை அமைப்பு பதிவு செய்துள்ளது. இறந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிழைத்தவர்களைச் சோதித்த மருத்துவர்கள், பலருடைய மார்பிலும் கைகளிலும் தோல் உரிந்திருக்கக் கண்டனர். மரங்களை இறுகத் தழுவி இரவைக் கழித்ததன் அடையாளம் அது. பற்றிக்கொள்ளும் வலிமையற்ற சிறுவரும் முதியோரும் நீரோடு போயினர். நவம்பர் 26ஆம் நாள் மணிலாவுக்குச் செல்லும் வழியில், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் டாக்கா நகரில் இறங்கி அம்மக்களுக்கு ஆறுதல் கூறினார்.

ஏழாண்டுகள் சென்றன. 1977 நவம்பர் 12 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே மற்றொரு புயல் கரை கடந்தது. உள்நாட்டிலுள்ள தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களிலும் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 560 பேர் உயிரிழந்தனர். சுமார் 10 இலட்சம் பேர் வீடிழந்தனர். அத்துயரம் ஆறுமுன், நவம்பர் 19ஆம் நாளன்று ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில், திவி சீமைப் பகுதியில் கடல் புகுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

புயலைத் தடுத்து நிறுத்த மனிதரால் இயலாது. எனினும், மரணத்தைக் குறைக்க இயலும். 1970இல் புயல் வருவதைக் கேள்வியுற்றோர் பலர்; புகலிடம் சேர்ந்தோரோ மிகச் சிலர். ஓடி ஒதுங்குவதற்கு உறுதியான கட்டடங்கள் அங்கு இல்லை. எனவே 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு, ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்கள் எச்சரிக்கைக் கொடி ஏற்றுவர்; கையில் ஒலிபெருக்கி ஏந்தி வீதிவீதியாகச் சென்று அறிவிப்பர். தூண்கள்மேல் உயர்ந்த புகலிடங்களும் படிப்படியாக எழுந்தன. அப்பணி உடனே முழுப்பலன் தந்துவிடவில்லை. 1991 ஏப்ரல் புயலில் 1,38,000 பேர் வரை இறந்தனர். ஆனால் 2007 நவம்பரில் வந்த கொடிய சிதர் புயலில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400ஆகக் குறைந்தது.

நம் கரையிலும் அதே மாற்றத்தைக் காண்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கடந்தது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. உழவர்களின் பல்லாண்டு உழைப்பு அழிந்தது. ஆயினும், முன்கூட்டியே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். 1977இல் 560 உயிர்கள் போயின. 2018இல் இறந்தோர் நூற்றுக்கும் குறைவு.

வானிலை நிலையத்தார் விடுக்கும் எச்சரிக்கை, ஒவ்வொரு வீட்டின் வாயிலையும் எட்டினால்தான் உயிர் காக்கும். அந்தக் கடைசிச் சில அடிகள் நம்முடைய பொறுப்பு. நம் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி யார்? நடக்க இயலாதவர் யார்? கைக்குழந்தையோடு இருக்கும் தாய் யார்? நம் பங்கில் நூறு பேர் தங்கத்தக்க உறுதியான கட்டடம் எது? அதன் சாவி யாரிடம் உள்ளது? மழைக்காலம் தொடங்குமுன்பே இவற்றிற்கு விடை கண்டு வைப்போம். எச்சரிக்கை வரும் நாளில், நம் பிள்ளைகளின் கையைப் பற்றிப் புறப்படும்போது, அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுச் செல்வோம்.