பழவேற்காட்டில் முழங்கிய பீரங்கி

தோணிரேவு மீனவர்கள் வலை வீசும் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு காலத்தில் பீரங்கி முழங்கியது. சண்டை மீனுக்கல்ல, துணிக்கு! சோழமண்டலத்து வண்ணத் துணிக்குக் கிழக்குத் தீவுகளில் அத்தனை கிராக்கி. அந்த வியாபாரத்துக்காக மோதியவர்கள் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும். 1580 முதல் 1640 வரை போர்த்துகலையும் ஆண்டவர் ஸ்பெயின் மன்னர். அவருக்குப் பகையான டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை திறந்தார்கள். 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். ஐரோப்பாவில் அப்போது ஸ்பெயினுக்கும் டச்சுக்காரருக்கும் போர்நிறுத்தம். இங்கே யார் மதித்தார்கள்? மறு ஆண்டே டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1611இல் வந்த ஆங்கிலேயரையும் அவர்கள் வியாபாரம் செய்ய விடவில்லை. வேறு இடம் தேடி அலைந்த ஆங்கிலேயருக்கு 1639இல் கிடைத்த கடற்கரைதான் சென்னப்பட்டினம்.