கொள்ளை நோயும் வைத்தியப் பரீட்சையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வைத்தியக் கல்விக்கு இது மிகவும் பொருந்தும். நாடி பார்க்கவும், மார்பில் குழாய் வைத்துக் கேட்கவும், வயிற்றைத் தொட்டு நோயை அறியவும் ஒருவருக்குத் தெரியுமா என்பதைக் காகிதத்தில் மட்டும் சோதித்துவிட முடியாது.

இதற்காக ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவரும் அவர் சகாக்களும் வகுத்த முறை 1975-ல் வெளியாயிற்று. வரிசையாகப் பல இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காரியம். மணி அடித்ததும் மாணவர் அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். சில இடங்களில் நோயாளியாக நடிக்கப் பழகியவர் இருப்பார். எல்லோருக்கும் ஒரே சோதனையாதலால் பட்சபாதத்துக்கு இடம் குறைவு.

2020-ல் கோவிட் பரவியபோது இப்பரீட்சைக்கே சோதனை வந்தது. அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் நடந்துவந்த வைத்திய லைசென்ஸ் செய்முறைப் பரீட்சை அவ்வாண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரியில் அடியோடு கைவிடப்பட்டது. ஸிங்கப்பூரிலோ, ஒரு வைத்தியக் கல்லூரி 2020-ல் இறுதிப் பரீட்சையை நேரிலேயே நடத்திற்று. ஆகவே, இது ஆகாத காரியமன்று.

வேண்டிய ஏற்பாடுகள் யாவை? மாணவரைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டம் மற்றொன்றைச் சந்திக்காதபடி வெவ்வேறு வேளைகளில் வரவழைக்க வேண்டும். மெய்யான நோயாளிகளுக்குப் பதிலாக நடிப்பவர்களையே அமர்த்துவது நலம். அனைவரும் முகமூடி அணிந்து, ஒவ்வொரு மணிக்கும் கைகளைச் சுத்தம் செய்துகொள்வது அவசியம். பரீட்சகர் எட்டி அமர்ந்தே மதிப்பெண் இடலாம். இந்நோய் முக்கியமாக மூச்சுக் காற்றின் வழியே பரவுவது என்று இன்று தெளிந்திருப்பதால், மேஜையைத் துடைப்பதைக் காட்டிலும் ஜன்னலைத் திறந்து வைப்பதே மேலான காவல்.

இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. சுரம் கண்டவருக்கு மறு தேதியில் பரீட்சை நிச்சயம் என்று முன்னதாகவே உறுதி கூற வேண்டும். ஓராண்டு வீணாகுமென்று அஞ்சும் மாணவர், மாத்திரை விழுங்கிச் சுரத்தை மறைத்துக்கொண்டு வரக்கூடும். வாசலில் உஷ்ணமானி பிடிப்பவரை அவர் ஏமாற்றலாம். நோயை ஏமாற்ற முடியாது. உண்மையைச் சொன்னவருக்கு நஷ்டமில்லை என்ற நிலை ஏற்பட்டால்தான் மற்றக் காவல்கள் பயன்படும்.

நாளைக்கு நம் குழந்தையின் படுக்கையருகே வந்து நிற்கப்போகும் டாக்டரைப் பற்றிய விஷயம் இது. அவர் கை பழகிய கையாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் நாளில் எவர் உயிருக்கும் ஊறு நேரக் கூடாது. முன்யோசனை இருந்தால் இரண்டும் ஒருங்கே கைகூடும்.