அளவுகோலை அளப்பது யார்?

உதிரிபாகம் சரியில்லை என்று லாரி திரும்பி வந்தால் பழி லேத் ஓட்டியவர் மேல் விழுகிறது. கோளாறு பல நேரம் அளந்த கருவியில் இருக்கிறது. அல்லது வெயிலில்.

ராஜ்கோட்டில் மே மாதம் 42 டிகிரி வெயில் யாரையும் ஆச்சரியப்படுத்துவதில்லை. தகரக் கூரைக்குக் கீழே லேத் ஓடும் பட்டறைகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். டீசல் என்ஜின், பம்ப், பேரிங் என்று இந்த ஊர் கடைந்து தள்ளும் பாகங்கள் நாட்டின் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. அங்கே ஏர்கண்டிஷன் அறையில், 20 டிகிரி குளிரில் மீண்டும் அளக்கிறார்கள். டிராயிங்கில் உள்ள அளவுக்குள் வராவிட்டால் மொத்த லாட்டும் திரும்பி வருகிறது. கூடவே ஒரு டெபிட் நோட். உலோகத்தின் விலை, கூலி, லாரி வாடகை எல்லாம் சின்னப் பட்டறையின் தலையில்.

“இங்கே அளந்தபோது சரியாகத்தானே இருந்தது?” என்பது இந்தத் தொழிலில் எந்த ஊரிலும் கேட்கும் புலம்பல். லூதியானாவிலும் ஃபரீதாபாதிலும் கோவையிலும் இதே கதைதான். விசித்திரம் என்னவென்றால், இரண்டு தரப்பும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஒரு கணக்கு. நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பாகம். பட்டறையில் வெப்பம் 40 டிகிரி. அளப்பது இரும்பு மைக்ரோமீட்டரால். சூட்டில் இரண்டுமே விரிகின்றன, ஆனால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அங்கே மிகச் சரியாக 100 மில்லிமீட்டர் காட்டிய பாகம், 20 டிகிரி அறைக்குப் போனதும் சுமார் 0.023 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இந்த அளவுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் துல்லியத்தில், அனுமதிக்கப்பட்ட மொத்த வித்தியாசமே 0.035 மில்லிமீட்டர். மூன்றில் இரண்டு பங்கை வெயில் தின்றுவிட்டது. மீதியில்தான் டர்னர் தன் திறமையைக் காட்ட வேண்டும்.

நீளத்தை 20 டிகிரியில்தான் பேச வேண்டும் என்பது 1931ல் ஏற்பட்ட சர்வதேச ஏற்பாடு. இரும்புப் பாகத்தை இரும்புக் கருவியால் அளந்தால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்வரை கவலை இல்லை. கடைந்த கையோடு, சூடு ஆறுமுன் அளந்தால் அதிலும் தவறு வரும். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவர் ஆறும்வரை காத்திருப்பாரா?

(இந்த அனுமதிக்கப்பட்ட வித்தியாசத்தைப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்றே சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் சகிப்புத்தன்மை என்று வருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் சிரித்துவிட்டு ஒதுக்கும் சொல். ஆனால் யோசித்தால் பொருத்தம்தான்: எவ்வளவு பிழையை என்ஜின் பொறுத்துக்கொள்ளும் என்பதுதானே கேள்வி.)

கருவிகளைப் பார்ப்போம். மைக்ரோமீட்டரின் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றை 50 கோடுகளாகப் பிரித்திருப்பதால் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அதன் வாலில் உள்ள ராட்செட், எல்லோரும் ஒரே அழுத்தத்தில் அளப்பதற்காக வைத்தது. அவசரத்தில் அதைத் தொடாமல் நேராகத் திருகை முறுக்குகிறவர்கள் உண்டு. அப்போது அளப்பது பாகத்தை அல்ல, தன் கை பலத்தை. டிஜிட்டல் வெர்னியர் வந்த பிறகு நிலைமை மேம்பட்டதாக ஒரு பிரமை. திரையில் 0.01 வரை எண் தெரிகிறது. சாதாரணமாகக் கிடைக்கும் வெர்னியரோ 0.02 வரை தவறக்கூடியது. பளிச்சென்று எண் தெரிந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எண்ணே இல்லாத கருவி ஒன்று உண்டு. ப்ளக் கேஜ். இருபது மில்லிமீட்டர் துளைக்கான கேஜில் ஒரு முனை 20.000, மறு முனை 20.021. முதல் முனை துளைக்குள் நுழைய வேண்டும், இரண்டாவது நுழையக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான துளைகளைப் பார்த்துவிடலாம். ஆனால் நுழைய வேண்டிய முனை ஒவ்வொரு முறையும் உரசி உரசித் தேய்கிறது. தேய்ந்த கேஜ் சின்னத் துளையையும் “சரி” என்று விட்டுவிடும். கேஜின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. எதிர்முனையில் தண்டு உள்ளே போக மறுக்கும்போதுதான் தெரியும். அப்போது ஆயிரம் பாகங்கள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த ஆயிரத்தையும் வாங்குகிறவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. மாதிரிச் சோதனைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2500. ஆயிரம் கொண்ட லாட்டில் 80ஐ எடுத்துப் பார்ப்பது அதில் வழக்கமான ஒரு திட்டம். ஒரு சதவீதக் குறைவரை பொறுத்துக்கொள்வதென்றால் இரண்டு குறை வரை ஏற்பு, மூன்றானால் நிராகரிப்பு. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் உண்மையில் மூன்று சதவீதம் பழுதான லாட்டுக்கு இந்தச் சோதனையில் தேறும் வாய்ப்பு பாதிக்கும் மேல். அதே லாட் வேறொரு நாள் திரும்பி வரும். சின்னப் பட்டறைக்காரர் இதை அதிகாரியின் மனநிலை என்று நினைக்கிறார். பாதி சூதாட்டம் என்பதே சரி.

கடைசியில் நின்று நல்லது கெட்டது பிரிப்பதில் பயனில்லை, கெட்டது உருவாகும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று 1924லேயே ஒருவர் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் இருந்த வால்டர் ஷூவார்ட். ஒரு வரைபடம், மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். அவ்வப்போது சில பாகங்களை எடுத்து அளந்து புள்ளி வைத்தால், இயந்திரம் தடம் மாறுவது பழுது விழுவதற்கு முன்பே தெரியும். இந்த மனிதரை பி.சி. மகலனோபிஸ் இந்தியாவுக்கே அழைத்து வந்தார். 1947-48ல், சுதந்திரத்தின் சூடு ஆறுமுன், ஷூவார்ட் இங்கே வந்து பேசினார். அவரது கருத்துக்களை டெமிங் ஜப்பானியர்களுக்குப் பாடம் நடத்தியது 1950ல்தான். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் 1950களில் பல நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது.

விதை முந்தி விழுந்தது இங்கே, விளைந்தது அங்கே. லைசென்ஸ் ராஜ்யத்தில் ஸ்கூட்டருக்கு வருடக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளர், கிடைத்ததே போதும் என்றிருந்தார். தயாரித்தது எல்லாம் விற்றுப்போகும் நாட்டில் வரைபடத்தில் புள்ளி வைக்க யாருக்கு நேரம்?

பாடம் ஜப்பானைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தது. 1983 டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. பாகங்களை உள்நாட்டிலேயே வாங்க வேண்டிய கட்டாயத்தில், சப்ளையர்களும் சுசுகியின் முறைகளைக் கற்க வேண்டியதாயிற்று. 1998ல் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, டெமிங் பரிசு வாங்கிய முதல் இந்திய நிறுவனமானது. அதன் பின் பல இந்திய நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் ஏறின. எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் கீழே மூன்றாம் நான்காம் படியில் துளை போடுகிறவரிடம் வந்து சேர்ந்தது, பெரும்பாலும், நிரப்ப வேண்டிய படிவங்கள் மட்டுமே.

வாகனத் தொழிலுக்கான 2016ம் ஆண்டுத் தர விதி, அளக்கும் முறையையே சோதிக்கச் சொல்கிறது. பத்து பாகங்கள், மூன்று பேர், ஆளுக்கு இரண்டு மூன்று முறை. கருவியும் கையும் சேர்ந்து ஏற்படுத்தும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, முப்பதைத் தாண்டினால் அந்த அளவையே நம்பக் கூடாது என்பது தொழிலில் பின்பற்றும் வரம்பு. பைசா செலவில்லாத சோதனை, ஒரு அரை நாள் போகும். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் தொடங்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் வழியாகப் பட்டறை மைக்ரோமீட்டர் வரை வரும் சரிபார்ப்புச் சங்கிலிக்குத்தான் காசு வேண்டும். ஆர்டர் குறையும் மாதத்தில் முதலில் தள்ளிப்போவது அதுதான். கருவியில் ஒட்டிய சீட்டில் அடுத்த தேதி கடந்துபோயிருக்கும்.

லாட் திரும்பி வரும்போது சின்னப் பட்டறை கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அதே பத்து பாகங்களை, இரு தரப்பின் கருவிகளையும் வைத்து, ஒரே அறையில், இரு தரப்பும் நின்று அளக்கலாமே. சப்ளை ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி போதும். அந்த வரியைக் கேட்கும் தைரியம், மூன்று மாதப் பாக்கிப் பணம் நிலுவையில் இருக்கும் பட்டறைக்காரருக்கு எளிதில் வராது.